வேறு எவருக்கும் பாத்தியதை இல்லை

கஸ்பாருக்கு முன்னால் இன்னும் பதினான்கு பேர் இருந்தார்கள். நான்காவது தடவையாக எண்ணுகிறான், நான்கு தடவையும் பதினான்குதான். குறையாதே, எப்படிக் குறையும், மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற அந்த அம்மாள் ஒவ்வொருவனிடமும் படகுப் பதிவுத் தாளை வாங்கி, வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, எஞ்சின் எண்ணை ஒவ்வொரு இலக்கமாக விரல் வைத்து வாசித்து, மாப்பிள்ளை வீட்டு யோக்கியதையை விசாரிக்கிறவள் மாதிரி விசாரித்துக்கொண்டிருக்கிறாள். விசாரிக்கட்டும். கஸ்பாரின் தாளில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. வள்ளம் அவன் பெயரில் பதிவாகிப் பத்தொன்பது மாதம் ஆகிறது, போட்டிக்கு ஒரு முழு வருஷம் போதும். எஞ்சின் அவன் பெயரில். உயிர்காப்பு மிதவை இரண்டு, புத்தம் புதிது, வள்ளத்தில் கிடக்கிறது, வள்ளம் வெளியே ஜெட்டியில் கிடக்கிறது, காலையில் சோதனைக்கு வந்தவன் இரண்டு நிமிஷத்தில் ஏறி இறங்கி டிக் போட்டுவிட்டுப் போய்விட்டான். எல்லாம் சரிதான். தாளின் பின்பக்கம்தான் சரியில்லை. பின்பக்கத்தில் இரண்டு வரி. மேற்படி படகு எனக்கு மட்டுமே முழு உரிமையானது என்றும் அதில் வேறு எவருக்கும் பங்கோ பாத்தியதையோ இல்லை என்றும் மனமறிய உறுதி கூறுகிறேன். அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டின் மேல் கையெழுத்து, அதுவும் அந்த அம்மாளின் கண்ணெதிரே போட வேண்டும், வீட்டில் போட்டுக்கொண்டு வந்தால் செல்லாது. எவன் எழுதினானோ. வெறுமனே உறுதி கூறுகிறேன் என்று எழுதிவிட்டுப் போயிருக்கலாம், ஓட்டுக் கேட்டு வருகிறவன் கூறாத உறுதியா, யார் கேட்கப் போகிறார்கள். மனமறிய என்று எதற்குப் போட வேண்டும். மனம் அறிந்ததை எல்லாம் ஒருவன் இரண்டு வரியில் அடைத்துக் கையெழுத்துப் போட முடியுமா. தாளைத் திருப்பி முன்பக்கத்தைப் பார்த்தான். முன்பக்கம் நன்றாக இருந்தது.

“பிடிச்ச மீன அளந்து பாத்துட்டு திரும்பக் கடல்ல விடுறதுக்கு ஒரு போட்டி, அதுக்கு ஒரு மண்டபம், அதுக்கு ஒரு கியூ” என்று பக்கத்தில் நின்ற தனிஸ்லாஸ் சொன்னான். கையில் போட்டி நடத்துகிற தூண்டில் கழகத்தார் கொடுத்த உளுந்து வடை, மூன்றாவது. “அத்தான், இவங்க வீட்டுல சோத்தையும் அளந்து பாத்துட்டுத் திரும்பச் சட்டியிலதான் போடுவாங்களோ?” முன்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். தனிஸ் கஸ்பாரின் மனைவி ரெஜினாவின் தம்பி, இருபத்தாறு வயது, ஒல்லிப்பிச்சான், ஏழு வருஷமாகக் கஸ்பாரோடு கடலுக்கு வருகிறவன். வாய் ஓயாது. வலை கிழிந்தாலும் பேசுவான், வயிறு காய்ந்தாலும் பேசுவான், பூசை நேரத்தில் கோவில் முற்றத்தில் நின்று பேசி சாமியாரிடம் ஏச்சு வாங்கியிருக்கிறான். இப்போது பேசட்டும், பேசிக்கொண்டே இருக்கட்டும், பேசுகிற வரைக்கும் உயிரோடு இருக்கிறான் என்று அர்த்தம். என்ன நினைப்பு இது, காலங்காத்தால. “நீ வடையைத் தின்னுல” என்றான். “தின்னுக்கிட்டுத்தான இருக்கேன்” என்றான் தனிஸ்.

மண்டபத்துச் சுவர் முழுக்கப் படங்கள். பத்து வருஷத்து வெற்றியாளர்கள், கண்ணாடிச் சட்டம் போட்டு, கீழே பெயர் எழுதி. மூன்றாவது வரிசையில் ஆறாவது படத்தில் டாக்டர் சேதுரத்தினம் தன் உயரத்துக்கு ஒரு மயில்மீனைத் தூக்கிப் பிடித்திருக்கிறார், முதுகுத் துடுப்பு விசிறியாக விரிந்து அவர் முகத்தில் பாதியை மறைக்கிறது. மீனின் வாலை ஒரு கை தாங்கிக்கொண்டிருக்கிறது. கை மட்டும்தான். மணிக்கட்டோடு படம் முடிந்துவிட்டது. ஆள்காட்டி விரலின் குறுக்கே தூண்டில் நரம்பு அறுத்த தழும்பு இருக்கும், உற்றுப் பார்த்தால் தெரியும், கஸ்பார் உற்றுப் பார்த்திருக்கிறான். அது அவனுடைய கை. பதினோரு வருஷம் டாக்டருக்கும் டாக்டரின் கூட்டாளிகளுக்கும் வள்ளம் ஓட்டினவன் அவன். எந்தப் பாரில், கடலடிப் பாறைமேட்டில், எந்த மாதம் சீலா மீன் நிற்கும், குருவி எந்தப் பக்கம் தாழ்ந்து பறந்தால் அடியில் பாறைமீன் கூட்டம் போகிறது, நீவாட்டின், நீரோட்டத்தின், நிறம் எங்கே மாறுகிறது, எல்லாம் இவன் சொல்வான், அவர்கள் தூண்டிலைப் போடுவார்கள், “இப்ப இழுவும் டாக்டர், இப்ப இழுவும்” என்று இவன் கத்துவான், அவர்கள் இழுப்பார்கள், படம் எடுப்பார்கள், படத்தில் இவன் மணிக்கட்டோடு நின்றுவிடுவான். டாக்டர் நல்ல மனுஷன், அதைச் சொல்லாமல் விடக்கூடாது, கிறிஸ்மஸ் தவறாமல் கேக் அனுப்புகிறவர், இந்த வருஷம் சொந்தப் படகுக்காரர் பிரிவு என்று ஒன்று வந்திருக்கிறது, உரிமையாளனே தூண்டில் பிடிக்கணும், துணைக்கு ஒரு ஆள், நீ நில்லு கஸ்பார், உன்னை எவனும் தொட முடியாது என்று போன் போட்டுச் சொன்னதும் அவர்தான். அன்றையிலிருந்து கஸ்பாருக்குத் தூக்கம் சரியில்லை. முதல் மூன்று பேரின் பெயரைப் பலகையில் தங்க நிறத்தில் எழுதுவார்களாம். நாற்பத்து மூன்று வயது, மகள் பன்னிரண்டாம் வகுப்பு, இந்த வயதில் ஒரு பலகையில் பெயர் வரவேண்டும் என்று இப்படி ஆசைப்படுவது வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் ஆசையாக இருந்தது. ரெஜினாவிடம்கூட முழுசாகச் சொல்லவில்லை, சும்மா போய்ப் பார்ப்போம் என்றுதான் சொன்னான். சும்மாவா. இன்று இந்த மேசையைத் தாண்டிவிட்டால் சனிக்கிழமை கடலில் அவன் தூண்டில் இறங்கும், இறங்கினால் மீன் ஏறும், அதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. மேசையைத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான்.

மேசையில் பங்குச் சண்டை போலிருந்தது. தாடிக்காரன் ஒருவன் நிற்கிறான், அந்த அம்மாள் தாளைத் திருப்பி அந்த இரண்டு வரியையும் சத்தமாக வாசித்துவிட்டு, “வேற யாருக்காவது பங்கோ பாத்தியதையோ உண்டா?” என்று கேட்டாள். எல்லாரிடமும் இப்படித்தான் கேட்கிறாள், வாசித்துக் காட்டி, முகத்தைப் பார்த்து. போன வருஷம் எவனோ ஒரு ஓட்டல்காரன் நான்கு வாடகைப் படகைத் தன் படகென்று காட்டி நான்கு ஆளை இறக்கினானாம், அவன் பண்ணின திருட்டுக்கு ஊரில் உள்ளவன் எல்லாம் மனமறிய உறுதி கூற வேண்டியிருக்கிறது. தாடிக்காரன் தலையைச் சொறிந்தான். “தம்பிக்குப் பாதி உண்டுங்க. ஆனா பேரு என் பேருதான்.” “அப்ப இது சொந்தப் படகு இல்ல” என்றாள் அவள், கோபமே இல்லாமல், தாளை இடது பக்கத்து அட்டைப்பெட்டியில் போட்டாள். “அடுத்த வருஷம் பாருங்க.” இவ்வளவுதான், உண்மையைச் சொன்னவன் வெளியே. அவனுக்குப் பின்னால் வந்த மூன்று பேரும் கேட்பதற்கு முன்பே “இல்லைங்க, இல்லைங்க” என்றார்கள். ஒருத்தன் அந்த இல்லையை இரண்டு தடவை சொன்னான், வேண்டுமானால் மூன்றாவதும் சொல்லியிருப்பான். எவ்வளவு எளிதாக வருகிறது அவர்களுக்கு. அவர்களுக்கு இல்லை, அதனால் வருகிறது. எனக்கும் இல்லைதானே, தாளில் என் பெயர் மட்டும்தானே, வேறு யார் வந்து இது என் வள்ளம் என்று நிற்கப் போகிறார்கள். அந்தோணியார் வருவாரா, ஆதார் அட்டையும் இரண்டு போட்டோவும் எடுத்துக்கொண்டு. சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது. சாமி காரியத்தில் சிரிக்கிறானே என்று தன்னையே வைதுகொண்டு திரும்பிப் பார்த்தால் தனிஸைக் காணவில்லை.

பக்கத்தில் இல்லை, வடைத்தட்டின் அருகே இல்லை, வாசலில் இல்லை. கஸ்பார் வரிசையில் ஒரு காலை வைத்துக்கொண்டு இன்னொரு காலால் எட்டிப் பார்த்தான். அங்கே நிற்கிறான், ஜெட்டியின் விளிம்பில், கயிறு கட்டும் இரும்புக் குற்றியின் மேல் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, கீழே எவன் வள்ளத்தையோ குனிந்து பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டு. விளிம்பு பாசி பிடித்துக் கிடக்கும். “தனிசு!” என்று இவன் போட்ட சத்தத்தில் மண்டபமே திரும்பியது. அந்த அம்மாளும் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். அவன் அங்கிருந்தே கையை ஆட்டினான். “வால இங்க!” வந்தான், சாவதானமாக, “என்ன அத்தான், நானென்ன ரெண்டு வயசுப் பிள்ளையா” என்று சொல்லிக்கொண்டே. பிள்ளையாக இருந்தால் இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்ளலாம். இவனை என்ன செய்வது. பதினான்கு மாதமாக இப்படித்தான், வள்ளத்தின் முன்முனையில் அணியத்துப் பக்கம் நிற்க விடுவதில்லை, அலை சாதாரணமாக இருந்தாலும் இடுப்பில் கயிற்றைக் கட்டி மறுமுனையைக் குறுக்குப் பலகையில் முடிச்சுப் போட்டுவிடுகிறான், கரையில் பார்க்கிறவர்கள் “கஸ்பார் மச்சினனை ஆடு மேய்க்கக் கொண்டு போறான்” என்று கேலி பண்ணுகிறார்கள். கேலி பண்ணட்டும். தனிஸ்கூட எதிர்த்து ஒன்றும் சொல்வதில்லை, எதற்கெடுத்தாலும் ஒரு வாய் பேசுகிறவன் கயிற்றைக் கொண்டு போனால் மட்டும் கைகளைத் தூக்கிக்கொண்டு பேசாமல் நிற்கிறான், கட்டு என்று. ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஏன் கேட்டதில்லை? கஸ்பாரின் நினைப்பு அந்தக் கேள்வியில் ஒரு நிமிஷம் நின்றது. நின்றுவிட்டு நகர்ந்துவிட்டது. பயந்திருப்பான், ஒரு தடவை விழுந்து எழுந்தவனுக்குப் பயம் இருக்காதா.

அவன் விழுந்த அன்று மழை அப்படி வருமென்று யாரும் நினைக்கவில்லை. மத்தியானம் இரண்டு மணி இருக்கும், வெயில் இருந்தது, பாரிலிருந்து தூண்டிலை எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள், வாடைப் பக்கமிருந்து ஒரு கறுப்பு வந்தது, வந்ததும் கடலும் வானமும் ஒன்றாகிப் போனது. வள்ளத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை தெரியவில்லை. ஒரு அலை பக்கவாட்டில் ஏறி இறங்கியது, கஸ்பார் எஞ்சினைத் திருப்பிப் பிடித்தான், பிடித்துவிட்டு முன்னால் பார்த்தால் தனிஸ் இருந்த இடம் காலி. கூப்பிட்டான். சுற்றினான். சுற்றிச் சுற்றி எந்தப் பக்கம் சுற்றுகிறோம் என்பதே தெரியாமல் போயிற்று, எஞ்சின் விசிறி அவன் மேலேயே ஏறிவிடுமோ என்ற பயம் வேறு. ஒரு மணி நேரமா, முக்கால் மணியா, யாருக்குத் தெரியும், ரெஜினாவின் முகம்தான் முன்னால் வந்து வந்து நின்றது, தாய் தகப்பன் இல்லாமல் அவள் வளர்த்த தம்பி, அவள் முன்னால் போய் எந்த வாயால் சொல்வது. கடைசியில் எஞ்சினை நிறுத்தினான். நிறுத்தினால் அவன் கத்துவது கேட்குமே என்று. மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அப்போதுதான் அது நடந்தது. எழுந்து நின்று, வள்ளத்தின் விளிம்புப் பலகையை உள்ளங்கையால் ஓங்கி ஓங்கி அடித்து, தொண்டை கிழியக் கத்தினான், அந்தோணியாரே, எம்புள்ளையக் காட்டிக் குடும், இந்த வள்ளம் உமக்கு, இந்த வள்ளத்த உம்ம கோவில்ல கொண்டு விட்டுடுறேன், எனக்கு வேண்டாம், அவனக் குடும். எம்புள்ள என்றா சொன்னான், மச்சினனை? சொன்னான். கை இன்னும் பலகையில் இருக்கிறது, எங்கிருந்தோ ‘அத்தான்’ என்று ஒரு சத்தம். வலது பக்கம், பத்துப் பாகத் தூரம்கூட இருக்காது. இவ்வளவு நேரம் அங்கேதான் கிடந்திருக்கிறான். மயிரைப் பிடித்துத்தான் தூக்கிப் போட்டான். இருவரும் வள்ளத்துக்குள் தேங்கிய தண்ணீரில் கிடந்து சிறுபிள்ளைகள் மாதிரி அழுதார்கள்.

அந்தோணியார் காணாமல் போனதைக் காட்டிக் கொடுப்பவர், அது எல்லாரும் அறிந்தது. தென்புறத்துக் கடற்கரையில் நாலு ஊர் தள்ளி அவர் கோவில், நேர்ந்துகொண்டவர்கள் கோழி கொண்டு வருவார்கள், ஆடு, தேங்காய், புது வலை, ஒரு நாள் பிடித்த பாடு முழுவதையும் கொண்டு வருகிறவர்கள் உண்டு, திருவிழா முடிந்து எல்லாவற்றையும் ஏலம் விடுவார்கள். வள்ளத்தையே கொண்டு விட்டவன் எவனும் இல்லை. இல்லையென்றால் என்ன, சொன்னவன் ஒருத்தன் இருக்கிறானே. முதல் வாரம், தனிஸ் காய்ச்சலில் கிடந்தபோது, குடுத்துவிடலாம் என்றே இருந்தான், சத்தியமாக இருந்தான். பிறகு பையன் எழுந்து நடமாடினான், சீலா பட ஆரம்பித்தது, சீசன் முடியட்டும் என்றான். சீசன் முடிந்தது, திருவிழாவுக்குக் கொடுத்தால் பொருத்தமாக இருக்கும் என்றான். ஜூன் மாதம் திருவிழா வந்தது, கடைக்குப் போய் வெள்ளியில் ஒரு வள்ளம் வாங்கினான், உள்ளங்கை அளவு, கையும் காலும் கண்ணும் விற்கிற கண்ணாடிப் பெட்டியில் அதுவும் இருந்தது. சுரூபத்தின் காலடியில் வைத்து முழந்தாளிட்டான். வள்ளம்தானே சொன்னேன், வள்ளம்தானே கொண்டு வந்திருக்கிறேன். இதை நினைக்கும்போதெல்லாம் உள்ளங்கை எரிகிறது, பலகையை அடித்த கை. அடித்துக் காட்டிச் சொன்னதை அவர் பார்க்கவில்லையா, குருடரா அவர். ஊர்ச் சாமியாரிடம் ஒரு நாள், வேறு யாருக்கோ நடந்தது போல, ஒருத்தன் இப்படிச் சொல்லிட்டான் சாமி, அவன் என்ன செய்யணும் என்று சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தான். “அந்த ஆள்கிட்ட சொல்லு கஸ்பார், அந்தோணியாருக்கு வள்ளம் ஓட்டத் தெரியாது, பொழப்பப் பாக்கச் சொல்லு” என்று சிரித்தார் அவர். அன்று இரவு நன்றாகச் சாப்பிட்டான். மறுநாள் காலையில் பார்த்தால் அந்தப் பயம் அங்கேயே இருந்தது. சாமியார் விட்டுக்கொடுத்தால் ஆயிற்றா, வாக்கு அவரிடமா கொடுத்தது. சொன்னதை யாரும் கேட்கவில்லை, அவனும் அந்தோணியாரும் மட்டும்தான், அதனால் தீர்த்துவைக்கவும் மூன்றாவது ஆள் கிடையாது. அவர் திரும்பக் கேட்கவும் இல்லை. கேட்காமல் இருப்பதுதான் பயமாக இருந்தது. வள்ளத்தை எடுக்க மாட்டார், அது சும்மா மரமும் ஃபைபரும். கொடுத்ததைத்தான் எடுப்பார்.

முன்னால் ஐந்து பேர். எப்படி ஒன்பது பேர் போனார்கள் என்பது தெரியவில்லை. தனிஸ் யாரோ ஒரு நாசரேத்துக்காரனோடு பேசிக்கொண்டிருந்தான், சனிக்கிழமை எங்கள் அத்தான் இறங்கினால் நீங்கள் எல்லாம் வீட்டிலேயே தூங்கலாம், அவருக்கு மீன் கனவில் வந்து இடம் சொல்லும் என்று. ஒரு இருமல் இருமினான். கஸ்பார் திடுக்கிட்டுத் திரும்பினான். வடைத்துணுக்கு. தண்ணீர் வாங்கிக் குடித்தான், சரியாயிற்று. இதுவரை கொடுக்காமல் இருந்தது ஒன்று, இப்போது கையெழுத்துப் போட்டு, வேறு எவருக்கும் பாத்தியதை இல்லை என்று எழுதிக் கொடுப்பது வேறு. நாளைக் கடத்துகிறவனை ஒரு சாமி பொறுத்துக்கொள்ளலாம். இல்லவே இல்லை என்று சாட்சி வைத்துச் சொல்கிறவனை? அதுவும் யாரை வள்ளத்தில் ஏற்றிக்கொண்டு? அந்தப் பிள்ளையையே. சனிக்கிழமை வேறு ஆளைத் துணைக்குக் கூட்டிப்போனால் என்ன. துணை ஆளின் பெயரும் தாளில் இருக்கிறது. வீட்டுக்குப் போய்விட்டால் என்ன. வயிற்று வலி என்று சொல்லலாம். அடுத்த வருஷம் பார்க்கலாம். அடுத்த வருஷமும் இந்த வரி இருக்கும், இந்த வள்ளம் இருக்கும், நான் இதே மாதிரி நின்றுகொண்டிருப்பேன், அல்லது போட்டுவிட்டுப் போகலாம், ஒரு கையெழுத்து, ஆயிரம் பேர் ஆயிரம் தாளில் போடுகிறார்கள், வானம் இடிந்தா விழுந்தது, சனிக்கிழமை ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஜெயித்துவிட்டுப் பலகையில் பெயர் ஏறினதும் ஞாயிற்றுக்கிழமையே வள்ளத்தைக் கொண்டு விட்டுவிடுகிறேன். இது புது யோசனை. நல்ல யோசனையாகவும் இருந்தது. இதே குரலில்தான் சீசன் முடியட்டும் என்றும் சொன்னான் என்பது நினைவுக்கு வந்ததும் யோசனை அப்படியே செத்துப் போயிற்று. மூன்று பேர். இரண்டு. நாசரேத்துக்காரன், “இல்லைங்க மேடம்.” முத்திரை விழுந்தது.

“கஸ்பார் மஸ்கரேன்?” உட்கார்ந்தான். தாளை வெளிச்சத்துக்குத் தூக்கினாள், எஞ்சின் எண்ணை விரல் வைத்து வாசித்தாள், பதிவுத் தேதியைப் பார்த்து, “ஒன்றரை வருஷத்துக்கு மேலயே ஆயிருச்சு, நல்லது” என்றாள். டாக்டர் சொல்லியிருந்தார் போலிருக்கிறது, “நீங்கதானா அது” என்று ஒரு சிரிப்பும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு கஸ்பாருக்குப் பிடித்திருந்தது, ஒரு கணம் எல்லாம் சுலபமாகிவிட்டது. தாளைத் திருப்பினாள். மேற்படி படகு எனக்கு மட்டுமே முழு உரிமையானது என்றும். பின்னால் பேசிக்கொண்டிருந்த குரல் நின்றது. அதில் வேறு எவருக்கும். காலையிலிருந்து ஓயாத குரல், பதினான்கு ஆள் போகிற வரைக்கும் ஓயாத குரல், நின்றேவிட்டது. கஸ்பார் திரும்பிப் பார்த்தான். தனிஸ் நின்றுகொண்டுதான் இருந்தான், ஒன்றும் ஆகவில்லை, நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தான். “பங்கோ பாத்தியதையோ உண்டா?” என்றாள் அந்த அம்மாள், பேனாவை நீட்டினாள். கஸ்பார் வாங்கினான். கோட்டுக்கு மேல் கொண்டு போனான். நிப் கோட்டுக்கு ஒரு நூல் மேலே நின்றது. அப்போது தனிஸ் குனிந்து, அவன் காதருகே, யாருக்கும் கேட்காத குரலில், “போடும் அத்தான். நான் ஒண்ணும் நெனச்சுக்கிட மாட்டேன்” என்றான்.

“என்னத்தல நெனைக்க?”

“அதான். அன்னைக்குச் சொன்னத.”

கஸ்பார் நாற்காலியில் முழுசாகத் திரும்பினான். “ஒனக்குக் கேட்டுச்சா?”

“எஞ்சின நிப்பாட்டிட்டீருல்லா. பலகையில அடிச்சது முதக்கொண்டு கேட்டுச்சு. அந்தச் சத்தம் வந்த தெசையப் பாத்துத்தான நான் கூப்பிட்டேன்.” கேட்டிருக்கும், கேட்காமல் எப்படி இருக்கும், பத்துப் பாகம், எஞ்சின் இல்லை, தொண்டை கிழியக் கத்தினது, அடுத்த நொடியே பதில். பதினான்கு மாதமாக இதைச் சுற்றிச் சுற்றி வந்தவன் இந்த ஒரு இடத்தை மட்டும் தொடாமல் வந்திருக்கிறான். “ஏம்ல ஒரு வார்த்த சொல்லல?”

“நான் எப்படிச் சொல்ல? எனக்காவ வள்ளத்தக் குடும்னு நானே வந்து கேக்கவா?” தனிஸ் சிரித்தான், சிரிப்பு மாதிரிதான் இருந்தது. “முதல்ல குடுத்துருவீருன்னுதான் இருந்தேன். பொறவு, நம்ம ஒரு ஆளுக்கு ஒரு முழு வள்ளம் ரொம்ப அதிகம்தானன்னு நெனச்சுக்கிட்டேன். வெசனப்படாதிரும் அத்தான். போடும், பின்னால ஆளு நிக்கி.”

கஸ்பார் அந்த முகத்தைப் பார்த்தான். இத்தனை நாளும் சாமி பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று பயந்தான், கடல் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று பயந்தான். இவன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பது தோன்றவே இல்லை. தினமும் விடியற்காலையில் கைகளைத் தூக்கிக்கொண்டு இடுப்பில் கயிறு கட்ட நின்றவன், தன் விலை வள்ளத்துக்குக் கீழே என்பதைத் தெரிந்துகொண்டு, அதே வள்ளத்தில் ஏறி, வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்திருக்கிறான், அத்தானுக்குச் சங்கடமாக இருக்கக் கூடாது என்று. எம்புள்ள என்று கத்தினதையும் கேட்டிருப்பான். அதைக் கேட்டுவிட்டு, பிறகு பதினான்கு மாதம். கஸ்பாருக்குக் கண் மறைத்தது. தன் மேல் வந்த அருவருப்பில் பேனாவை உடைத்துவிடலாம் போல இருந்தது. “ரெண்டு பேரும் என்ன ரகசியம்?” என்றாள் அந்த அம்மாள். “கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. உண்டா, இல்லையா?”

“உண்டு.”

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். “பதிவுல உங்க பேரு மட்டும்தான் இருக்கு. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உண்டுன்னா நான் எடுத்து வச்சிருவேன்.”

“உண்டு மேடம். எடுத்து வச்சிருங்க.”

“அத்தான்!” என்றான் தனிஸ். அவள் தாளை இடது பக்கத்துப் பெட்டியில் போட்டாள். அதைப் பார்க்கும்போது வலித்தது. ஆசை போய்விடவில்லை, போகும் என்று நினைத்தது தப்பு, சனிக்கிழமை யாரோ ஒருத்தன் சீலா ஏற்றுவான், அவன் பெயர் பலகையில் வரும். கஸ்பார் எழுந்து பேனாவை மேசையில் வைத்துவிட்டு வெளியே நடந்தான். ஜெட்டியில் வெயில் கண்ணைக் குத்தியது. தனிஸ் பின்னாலேயே ஓடி வந்தான். “கிறுக்கா ஒமக்கு? ஒரு கையெழுத்து! பதினோரு வருசம் நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னீரே, ஒரு கையெழுத்துல வந்து, நான்தான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்னு சொன்னேன்லா, சொன்னேன்லா” என்று திரும்பத் திரும்பச் சொன்னான், சொல்லச் சொல்லக் குரல் உடைந்து, கடைசியில் வாய் மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை.

“வள்ளத்துல ஏறுல” என்றான் கஸ்பார், கட்டுக்கயிற்றை அவிழ்த்துக்கொண்டே. “தெக்க போறோம். கோவில்ல கொண்டு விட்டுட்டு, பஸ்ல வீட்டுக்குப் போவோம்.”